தங்கச்சி வெள்ளையான வருஷம்

போன வாரம் நம் பழைய தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் யாரோ ஒருவர் ஒரு படத்தைப் போட்டிருந்தார். லோரியின் மேல் அம்மன் வேஷத்தில் ஒரு சின்னப் பெண். மஞ்சள் பாவாடை, அட்டைக் கிரீடம், கையில் தகரத்தில் வெட்டிய சூலம். கீழே நீங்கள் வரிசையாக எழுதியதையும் படித்தேன். "அடேயப்பா, எவ்ளோ வெள்ளையா இருக்கு பாரு!" "சினிமாக்காரி தோத்தா போ!" "இது யாரு வீட்டுப் புள்ளலா?" அதோடு கும்பிடுகிற கை, ரோஜாப்பூ, இதயம் என்று பொம்மைகள் வேறு.

அது என் தங்கச்சி. அப்போது அவளுக்கு வயது ஏழு. படத்தின் ஓரத்தில் விசிறி பிடித்த ஒரு கறுத்த கை மட்டும் தெரிகிறதே, அது நான். எனக்குப் பத்து.

உங்கள் மேல் கோபமில்லை என்று சொன்னால் அது பொய். கோபம்தான். பதில் எழுத ஆரம்பித்தேன், அழித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். விரலால் தட்டித் தட்டி எழுத எனக்குப் பொறுமை கிடையாது. மகளின் ஆபீஸ் நோட்டு ஒன்றை எடுத்து எழுதுகிறேன், படம் பிடித்து உங்களுக்கு அனுப்புவது அவள் பாடு. நம் எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முட்டி வலி. இப்போதும் வாயைத் திறக்காவிட்டால் எப்போது திறப்பது?

தோட்டம் போய்விட்டதே என்று குழுவில் அடிக்கடி கண்ணீர் விடுகிறீர்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையை வெட்டித் தாமான் வீடுகள் கட்டினார்கள், நாம் குடியிருந்த வரிசை வீடுகள், அந்த லயம், இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். எனக்கு அதில் பெரிய துக்கமில்லை. அந்த லயத்துக் கக்கூஸை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். இருபது வீட்டுக்கு நாலு வாளி. பெரியவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார்கள். பிள்ளைகள் நாம் என்ன செய்தோம்? லயத்துக்குப் பின்னால் ரப்பர் மரத்தடியில் குந்தினோம். மழை பெய்தால் அதே ஈரத்தில்தான் வெறுங்காலோடு ரப்பர்க் கொட்டை பொறுக்கினோம், கோலி ஆடினோம். செருப்பு என்பது திருவிழாவுக்கும் ஈப்போ டவுனுக்கும் போட்டுக்கொள்கிற சாமான். தோட்டத்தில் செருப்புப் போட்டு நடந்த பிள்ளையை "துரை மவ வாராடோய்" என்று நாமே கேலி செய்திருக்கிறோம். மறந்துவிட்டீர்களா? நான் மறக்கவில்லை.

என் அம்மா கறுப்பு. நானும் கறுப்பு. தங்கச்சியும் பிறந்தபோது எங்கள் நிறம்தான். அப்பா மட்டும் மாநிறத்துக்கு ஒரு பிடி மேலே. அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவார், சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போவார், வந்து சத்தமில்லாமல் படுப்பார். அவருடைய அக்கா, தெலுக் இந்தானில் இருந்த எங்கள் அத்தை, கல்யாணப் பந்தலிலேயே அம்மாவைப் பார்த்து "கரிச்சட்டிய கட்டிட்டு வந்திருக்கான் என் தம்பி" என்று சொன்னாளாம். அம்மா இதை எங்களிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மரம் வெட்டி, பால் சுமந்து, உச்சி வெயிலில் திரும்பி வந்து, புளித்த ரப்பர் பால் நாறும் கையோடு எங்கள் முகத்துக்குப் பவுடர் அப்புவாள். வெயிலில் ஆடாதே, காப்பி குடித்தால் கறுத்துப் போவாய், வரக்காப்பி பக்கமே போகாதே. என்னைப் பார்த்துத்தான் கடைசியில் ஒரு பெருமூச்சு விடுவாள். "சரி விடு, கறுப்பே அழகு, காந்தலே ருசி." இந்தப் பழமொழியைச் சிவப்பாக இருக்கிற எவளிடமாவது யாராவது சொல்லி நீங்கள் கேட்டதுண்டா?

அந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு தங்கச்சி வெளுக்க ஆரம்பித்தாள்.

முதலில் உதடு. பிறகு உள்ளங்கை. பிறகு முகமே மஞ்சள் கலந்த ஒரு வெளுப்புக்கு வந்தது. கன்னம் உப்பியது, கண்ணுக்குக் கீழே பொதபொதவென்று ஆனது. காலில் போட்டிருந்த வெள்ளிக் கொலுசு இறுகி, கழற்றினால் வளையமாகத் தடம் கிடந்தது. அம்மா அந்தத் தடத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். "சதை போட்டுருக்கா பாரு. ஒடம்பு தேறுது எம் புள்ளைக்கு!"

ஓடி ஆடின பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். மற்றப் பிள்ளைகள் கோலி ஆடும்போது வாசற்படியில் சாய்ந்திருப்பாள். அதற்கும் பாராட்டுதான். "எவ்ளோ அடக்கம்! பெரியவளும் இருக்காளே, ஆம்பளப் பய மாதிரி!" பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு மேடு இருந்ததே, பால் கொட்டகைக்குப் பக்கத்தில். அந்த மேட்டில் மூன்று இடத்தில் நிற்பாள். வாயைத் திறந்து மூச்சு வாங்குவாள். கழுத்துக் குழியில் ஏதோ துடிப்பது எனக்குத் தெரியும். அவள் பையையும் நானே சுமப்பேன், சுமந்துகொண்டே திட்டுவேன். "வெள்ளையா ஆயிட்டா நடக்க மாட்டீங்களோ மகாராணி?" அவள் பதில் சொல்ல மாட்டாள், மூச்சு இருந்தால்தானே சொல்வாள்.

எனக்கு அவள் மேல் பொறாமை. எரிச்சல் என்று மழுப்ப மாட்டேன், பொறாமையேதான். அடுப்பில் வைத்த சட்டி மாதிரி நாள் முழுக்கக் கொதித்தேன். ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே சோற்றைத் தின்கிறோம், இவள் மட்டும் எப்படி வெளுக்கிறாள்? ஏதோ தின்கிறாள் என்று சந்தேகப்பட்டேன். சந்தேகம் சரியாகத்தான் இருந்தது. அரிசி களையும்போது பச்சரிசியை அள்ளி வாயில் போடுவாள். "கல்யாணத்தன்னிக்கு மழ கொட்டப் போவுதுடி" என்று அம்மா சிரித்துக்கொண்டே கையைத் தட்டிவிடுவாள். சுவரில் உரிந்த சுண்ணாம்பை நக்குவாள், அடுப்புச் சாம்பலைத் தொட்டு நாக்கில் வைப்பாள். ஆனால் இதெல்லாம் சும்மா. உண்மையான சரக்கு வேறு இடத்தில் இருந்தது.

ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பிடித்தேன்.

ரப்பர் மரங்களைத் தாண்டினால் பழைய ஈயக்குட்டை. ஈயத்தை அலம்பி எடுத்துக்கொண்டு போனவர்கள் விட்டுப்போன பள்ளத்தில் பச்சைத் தண்ணீர். கரையெல்லாம் வெள்ளை மணல், அதற்கு நடுவே மாவு பிசைந்து வைத்தது போல வெள்ளைக் களிமண். தங்கச்சி குந்தி உட்கார்ந்து, ஒரு சிரட்டைத் துண்டால் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, உள்ளே இருந்த ஈர மண்ணைக் கட்டியாகப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். பட்டினி கிடந்தவளுக்குச் சோறு கிடைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

என்னைப் பார்த்ததும் மீதிக் கட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"யாருட்டயும் சொல்லிராதக்கா. உனக்கும் பாதி தாரேன்."

"எதுக்குடி இதத் திங்கிற?"

"தெரியலக்கா. வாய் கேக்குது."

நானும் வாங்கி வாயில் போட்டேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மழை பெய்த வாசனை மூக்குக்குள் ஏறியது. நாக்கில் வழுக்கி, கடைசியில் பல்லுக்குள் நறநறவென்றது. துப்பத்தான் தோன்றியது. ஆனால் என் மண்டைக்குள் வேறொரு கணக்கு ஓடியது. காப்பி கறுப்பு, குடித்தால் கறுப்பாகிவிடுவோம், இது அம்மாவே சொன்னது. இந்த மண் வெள்ளை. தங்கச்சி தின்கிறாள், வெள்ளையாகிறாள். பத்து வயதுக் கழுதைக்கு இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் என்று யாரையாவது கேலி செய்வார்களே, நான் மண்ணையே பால் என்று நம்பினேன்.

விழுங்கினேன். மறுநாளும் போனேன். இரண்டு மாசம் போனோம், இரண்டு பேரும். ஒரு பழைய பவுடர் டப்பாவில் மண்ணை அடைத்துப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோவோம். அவள் கட்டியை உடைத்துப் பெரிய பாதியை எனக்குத் தருவாள். எனக்கு மலச்சிக்கல் வந்ததுதான் மிச்சம், நிறம் ஒரு பொட்டும் மாறவில்லை. இன்னும் கொஞ்ச நாள் தின்றால் மாறும், அதுவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது என்று இருந்தேன். மேட்டில் அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்தான் பார்த்தேன். வேறு யாருக்கும் தெரியாது.

இதற்கு நடுவில் டிரசர் வந்தார். நம் டிரசரை ஞாபகமிருக்கிறதா? தோட்டத்து ஆஸ்பத்திரி என்ற பெயரில் இருந்த அந்த ஒற்றை அறைக்கு அவர்தான் டாக்டர், மருந்து கலக்குகிறவர், ஊசி போடுகிறவர் எல்லாம். சிரிக்கவே மாட்டார். பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு, தங்கச்சிக்கும் இன்னும் நாலைந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு புட்டி கரும்பழுப்பு மருந்து கொடுத்தனுப்பினார். இரும்புச் சத்து. தினம் இரண்டு வேளை.

மூன்று நாள் குடித்தாள். மூன்றாம் நாள் அவள் கறுப்பாக வெளிக்குப் போனாள். அதை அம்மா பார்த்துவிட்டாள்.

"கிழிஞ்சது போ! உள்ளயே கரியா போவுது, தோலுக்கு ஏறாம இருக்குமா? தவங்கெடந்து இப்பத்தான் புள்ளைக்கு ஒரு நெறம் வந்திருக்கு, இந்த ஆளு மருந்து குடுத்துக் கறுக்கடிக்கப் பாக்குறான்."

புட்டியை எடுத்துக்கொண்டுபோய் வாழைக்கன்று அடியில் கவிழ்த்தாள். அடுத்த வாரம் டிரசர் லயத்துப் பக்கம் வந்து, "மருந்து ஒழுங்கா குடுக்கிறியாம்மா?" என்று கேட்டபோது, "குடுக்கிறேன் அய்யா, புட்டியே காலி அய்யா" என்று பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். அவர் தங்கச்சியைக் கூப்பிடச் சொன்னார். "தூங்குறா அய்யா" என்றாள். தங்கச்சி உண்மையிலேயே தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். பகல் பதினொரு மணிக்கு.

அம்மாவைத் திட்டிக்கொண்டே படிக்கிறீர்கள் இல்லையா? நானும் பல வருஷம் திட்டினேன். ஆனால் அத்தை வந்த அன்றைக்கு அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னாடி, சித்திரையில் தெலுக் இந்தானிலிருந்து அத்தை பஸ் ஏறி வந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த தங்கச்சியைப் பார்த்ததும் முகவாயில் கையை வைத்தாள்.

"அடி ஆத்தே, இது நம்ம சின்னவளா? எங்க வம்சத்து நெறம் வந்துருச்சே!"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தங்கச்சியின் கையைப் பிடித்து எழுப்பி, "வாங்க அண்ணி, தண்ணிக் கொழாய் வரைக்கும் ஒரு நட போயிட்டு வரலாம்" என்று அத்தையையும் கூட்டிக்கொண்டு லயம் முழுக்க ஒரு சுற்று வந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். அம்மா அவ்வளவு நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததே இல்லை. நான் பின்னாலே போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

அதற்கப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அம்மா தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவாள். ஆடித் திருவிழாவுக்கு அம்மன் வேஷம் போட இந்த வருஷம் எந்தப் பிள்ளை என்று கோயிலில் பேச்சு வந்தபோது, தோட்டத்தில் எல்லோரையும் வேலை வாங்குகிற மண்டோர்தான் கோயில் தலைவர், அவர் யோசிக்கவே இல்லை. "நம்ம சின்னவளத் தவுர யாரு இருக்கா? அம்மனே எறங்கி வந்த மாதிரில இருக்கா!"

திருவிழா அன்று நல்ல வெயில். காலை பத்து மணிக்கு லோரி கிளம்பியது. அம்மன் வேஷம் போடுகிற பிள்ளை அதற்கு முன்னால் மூன்று நாள் உப்பில்லாத சோறு தின்ன வேண்டும், திருவிழா அன்று ஊர்வலம் முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அந்த வழக்கம் உங்களுக்குத் தெரியும். தங்கச்சியை லோரி மேல் பலகைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்து, கிரீடத்தைக் கட்டி, சூலத்தைக் கையில் கொடுத்தார்கள். விசிற ஒரு ஆள் வேண்டுமே என்று என்னை ஏற்றினார்கள். படம் பிடிக்கிறவர் ஈப்போவிலிருந்து வந்திருந்தார். நீங்கள் குழுவில் போட்ட படம் அப்போது எடுத்தது.

முதல் லயம் தாண்டினோம், இரண்டாவது லயம் தாண்டினோம். ஒவ்வொரு வாசலிலும் தேங்காய் உடைத்தார்கள், தீபம் காட்டினார்கள். கற்பூரப் புகை அவள் முகத்துக்கு நேராக வந்தது.

"அக்கா, மயக்கமா வருதுக்கா."

"இன்னும் மூணு லயந்தான். இரு."

"என்னால முடியலக்கா."

நான் விசிறியை வேகமாக ஆட்டினேன். அதுதான் நான் செய்தது. கத்தியிருக்கலாம், லோரியைத் தட்டி நிறுத்தியிருக்கலாம். விசிறிக்கொண்டிருந்தேன்.

நாலாவது லயத்து முன்னால் அவள் உடம்பு உதறத் தொடங்கியது. மூச்சு நாய்க்கு இரைப்பது போல வந்தது. கண் மேலே செருகியது. சூலம் கையிலிருந்து விழுந்து லோரித் தகரத்தில் டங்கென்று மோதியது.

உறுமி அடித்துக்கொண்டிருந்தவன் அதைப் பார்த்தான். ஒரு துள்ளுத் துள்ளி அடியை வேகமாக்கினான்.

"அருள் வந்துருச்சி! அம்மா வந்துட்டா!"

பெண்கள் குலவை போட்டார்கள். யார் யாரோ வேப்பிலையை வீசினார்கள். மஞ்சள் தண்ணீர்க் குடத்தைக் கொண்டுவந்து அவள் காலில் ஊற்றினார்கள். மண்டோர் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, "யாரு வந்திருக்கா, சொல்லு தாயே! என்னா கொற வச்சோம், சொல்லு தாயே!" என்று கதறினார். என் அம்மா, என்னைப் பெற்ற அம்மா, அந்தச் சரளைக் கல் ரோட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, தான் பெற்ற பிள்ளையைக் கும்பிட்டாள்.

அவர்கள் கேட்டதற்குத் தங்கச்சி என்ன சொன்னாள் என்று எனக்கு மட்டும்தான் கேட்டது. "தண்ணி" என்றாள்.

எனக்கு அப்போது வந்த பயத்தை இந்த வயதிலும் சொல்லத் தெரியவில்லை. அது என் வாயைத் தானாகத் திறந்துவிட்டது.

"அவளுக்கு அருளு இல்ல! அவ மண்ணு திங்கிறா! குட்டைக்குப் போயி தெனமும் மண்ணு திங்கிறா! நானும் தின்னேன்! மேட்டுல ஏற முடியல அவளுக்கு! மூச்சு முட்டுது!"

"வாய மூடு கழுத!" கீழே இருந்து யாரோ என் காலைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஒன்று விட்டார்கள். உறுமி நிற்கவில்லை. ஆனால் கூட்டத்தின் ஓரத்தில், மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற டிரசர் திரும்பிப் பார்த்தார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு லோரி மேல் ஏறினார். கட்டை விரலால் தங்கச்சியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்த துணி மாதிரி இருந்தது.

"அடப்பாவிங்களா! ரத்தமே இல்லடா இந்தப் புள்ளைக்கு! லோரிய ஈப்போவுக்கு விடுடா!"

லோரி ஓட்டுகிறவன் மண்டோரைப் பார்த்தான். மண்டோர் வழியை மறித்து நின்றார்.

"அது எப்பிடி அய்யா? சாமி ஏத்துன லோரி கோயிலுக்குத் திரும்பாம எல்லைய தாண்டக் கூடாது. தெய்வக் குத்தமாயிரும். இன்னும் ரெண்டு லயந்தான், சுத்தி வந்துட்டு..."

டிரசர் ஏதோ கத்தினார், மண்டோர் ஏதோ கத்தினார். உறுமிச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. அப்போது அம்மா எழுந்தாள். நெற்றியில் ஒட்டிய மண்ணோடு லோரி மேல் ஏறி, தங்கச்சியின் தலையிலிருந்த கிரீடத்தைப் பிய்த்து எறிந்தாள். உண்மையாகவே பிய்த்தாள், முடியும் சேர்ந்து வந்தது.

"சாமியா? எம் புள்ளடா இது! எம் புள்ளடா!"

தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கீழே குதித்தாள். டிரசரின் கார் மேட்டுமேல் அவர் வீட்டு முன்னால் நின்றது. அரை மைல் இருக்கும். அவ்வளவு தூரமும் வெறுங்காலோடு, சரளைக் கல்லில், ஏழு வயதுப் பிள்ளையைச் சுமந்துகொண்டு அம்மா ஓடினாள். டிரசரால் அவளைத் தாண்ட முடியவில்லை. நான் பின்னால் அழுதுகொண்டே ஓடினேன். வழியெல்லாம் அம்மா ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டே ஓடினாள். "கறுப்பாவே இரு சாமி, கறுப்பாவே இரு."

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் உடனே இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள், கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். சொந்தபந்தம், கோயில் ஆட்கள் என்று ஒரு கூட்டமே பின்னால் பஸ் பிடித்து வந்திருந்தது. இரத்தம் என்றதும் ஆளாளுக்குச் சுவரைப் பார்த்தார்கள். கொடுத்தால் மரம் வெட்டத் தெம்பு இருக்காதே. குடிகாரன் என்று எல்லோரும் ஒதுக்கின என் அப்பாதான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதலில் போனார். அவருக்குப் பின்னால் அத்தை போனாள். அதையும் சொல்லியாக வேண்டும்.

வார்டில் ஒரு தமிழ்த் தாதி, மிஸ்ஸி என்போமே, இருந்தாள். அம்மாவை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னாள்.

"கொக்கிப் புழும்மா. வெறுங்கால்ல அசிங்கமான ஈர மண்ணுல நடந்தா பாதத்து வழியா உள்ள ஏறிரும். கொடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தத்தக் குடிக்கும். ரத்தம் கொறஞ்சா சில பேருக்கு மண்ணு திங்கணும்போல இருக்கும். மொகம் வெளுக்கும், நீர் கோத்து உப்பும். இரும்புச் சத்து மருந்து எதுவும் குடுக்கலியா யாரும்?"

அம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

மிஸ்ஸி என் கீழ் இமையையும் இழுத்துப் பார்த்துவிட்டு எனக்கும் பூச்சி மருந்து கொடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். "மண்ணு தின்னதாலதான் அவளுக்கு இப்பிடி ஆச்சா?" "மண்ணு தின்னதால நோவு வரலம்மா, நோவு வந்ததாலதான் மண்ணு தின்னிருக்கு. யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது" என்றாள். என்னைக் குத்திச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னாள். எனக்கு அது போதுமாயிருந்தது. ஐம்பது வருஷத்துக்கும் மேலாகப் போதுமாயிருக்கிறது.

ஒரு மாசத்துக்கு மேல் இருந்தாள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று நானும் அம்மாவும் போனோம். கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். உதடு சிவந்திருந்தது. வீக்கம் வடிந்து, கன்னம் ஒட்டி, பழைய முகம் வந்திருந்தது. பழைய நிறமும் வந்திருந்தது. அம்மா வாசலிலேயே ஒரு நொடி நின்றுவிட்டாள். அவளுக்குத் தெரியாமலே வாயிலிருந்து வந்துவிட்டது.

"என்னா மிஸ்ஸி, புள்ள மறுபடி கறுத்துட்டாளே?"

மிஸ்ஸி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவும் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "இல்ல இல்ல, நல்லாருக்கா, நல்லாருக்கா" என்று தலையைத் தடவினாள். ஆனால் தங்கச்சியின் கால் ஆடுவது நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அந்தத் திருவிழாவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. லோரியை நடுவழியில் நிறுத்தியது தெய்வக் குற்றம் என்று தோட்டமே முணுமுணுத்தது. கிரீடத்தைப் பிய்த்த பாவத்துக்கு அம்மா வருஷா வருஷம் தீ மிதித்தாள். அப்பா எப்போதும் பேசாதவர். நான் என் குற்றத்துக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. அப்பா போனார், அம்மாவும் போனாள்.

படம் குழுவில் வந்த மறுநாள் என்னால் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பஸ் ஏறிப் புந்தோங்குக்குப் போனேன். தங்கச்சி மகன் வீட்டில் இருக்கிறாள். கையுறைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் நின்று வேலை பார்த்த காலை இப்போது நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்த உடனே கொட்டிவிட்டேன். எல்லாம் தெரிந்தும் இரண்டு மாசம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், நானும் வெள்ளையாக வேண்டும் என்பதற்காக, நீ சாகக் கிடந்தாய், நான் விசிறிக்கொண்டிருந்தேன் என்று.

அவள் சிரித்தாள்.

"உனக்கு என்னா பைத்தியமாக்கா? நீ போயி சொல்லிரக் கூடாதுன்னுதானே பெரிய பாதிய உனக்குக் குடுத்தேன். இல்லாட்டி தருவேனாலா? அவ்ளோ ருசி அது!"

"அப்ப என்மேல கோவமே இல்லியா?"

கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. "இருக்கு. இல்லாம என்னா?" என்றாள். "நீ சொல்லாம இருந்ததுக்கு இல்ல. கடைசில கத்திச் சொன்னியே, அது மட்டும் காதுல வுழுந்துச்சி, அதுக்கு."

நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"ஆமாக்கா. அந்த நாலு மாசந்தான் அம்மா என் கையப் புடிச்சிக்கிட்டு நாலு பேரு முன்னால நடந்தா. ஆஸ்பத்திரிலேருந்து வந்த பெறவு ஒரு நாளாச்சும் புடிச்சாளா, நீயே சொல்லு. நான் வெள்ளையா இருந்தப்ப மட்டுந்தான் அவளுக்குப் புள்ள."

"அடி கூறு கெட்டவளே!" என்று அதட்டினேன். "கும்புட்டுக் கெடந்தவ எந்திரிச்சி வந்து கிரீடத்தப் புடுங்கி எறிஞ்சா. எம் புள்ளடான்னு கத்துனா. டிரசர் வூடு வரைக்கும் உன்னத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனா, காலெல்லாம் ரத்தம். கறுப்பாவே இருன்னு சொல்லிக்கிட்டே ஓடுனா, நான் காதால கேட்டேன். உனக்கு இது தெரியாதா?"

தங்கச்சி மடியிலிருந்த கீரைத் தட்டைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

"எனக்கு எப்பிடிக்கா தெரியும்?" என்றாள். "அப்ப எனக்கு நெனவு இல்லியே."